ரயர் மாற்றும் வரை

பதினொரு வருஷமாக உங்களோடு கோபம்.
உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

மூன்றாவது அல்பத்தில் கிற்றாரைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஆளுக்கொரு கீபோர்ட்டோடு நின்றீர்கள்.
சால்ட் எலிவேட்டர் செத்துப்போச்சு என்றேன்.
கஜீபன் உங்கள் பக்கம் கதைத்தான்.
அத்தோடு அவனையும் விட்டேன்.
உங்கள் பெயர் போட்ட ரீசேர்ட்டால்
இப்போது ஒயில் குச்சி துடைக்கிறேன்.

இன்று ஸ்கார்பரோவில், எல்ஸ்மியர் வீதி ரயர் கடை.
வெளியே முதல் பனி, உள்ளே ஆறிய கோப்பி,
நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.
வேறு வழியில்லாமல்தான் கேட்டேன், சத்தியமாக.

இயர்போனில் இடது பக்கம் மட்டுமே வேலை செய்யும்.
ஆகவே நான் சொல்வது பாதி அல்பத்தைப் பற்றி.

முதல் இரண்டும் சுமார். மூன்றாவதில்
டிரம்ஸா, கராஜில் நட்டுக் கழற்றும் மெஷினா
என்று பிரிக்க முடியவில்லை; நன்றாகத்தான் இருந்தது.
நாலாவதில் குரல் வந்தது.
முன்பெல்லாம் கத்திக்கொண்டு தாவும் இடத்தில்
உங்கள் பாடகன் தாவவில்லை.
முழங்கால் நோவை அறிந்தவன்
படிக்கட்டை விட்டுச் சரிவால் ஏறுவதுபோல்
மெல்லச் சுற்றிப் போனான்.
நடுவில் ஒரு இருமல். வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் நாற்பத்துமூன்று.

வலது காதில் என்ன வாசித்தீர்களோ.
கஜீபனுக்குத் தெரிந்திருக்கும்,
வெளிவந்த இரவே கேட்டிருப்பான்.
அவன் நம்பர் இன்னும் அதேதானா?

கையைத் துடைத்தபடி பெடியன் ஒருவன் வந்தான்:
"அண்ணை, ஒரு நட்டு துருவேறி இறுகிப்போச்சு,
இன்னும் இருபது நிமிஷம்."

பரவாயில்லை தம்பி, ஆறுதலாச் செய் என்றேன்.
நாலாவது, திரும்ப முதலிலிருந்து.