ஆறு திறந்திருக்கு

என்னைச் சேர்த்தபோது சொன்ன வேலை இவ்வளவுதான்:
ரோஸலின் அணியத்தில் நின்று
கண்டதைக் கத்து.
மாதம் ஆறு ரூபாய். சோறு லாஞ்சிலேயே.

முகத்துவாரத்திலிருந்து வெறும் பாதைப்படகு மூன்றைக்
கடுவலை மட்டும் இழுத்துப்போய்
ஓடும் செங்கல்லும் ஏற்றித் திரும்புவோம்.
சுக்கான் துவான் சல்தீனுடையது.
முப்பத்தாறு வயது, மடிப்புக் கலையாத தொப்பி,
பேச்சென்றால் ஒரே கேள்வி:
"இன்னாசி, என்ன தெரியுது?"

மணல் தெரியுது.
மூங்கில் சாய்ந்து கிடக்கு, வலப்பக்கம்.
தண்ணீர் தோல் சுருங்கி ஓடுது, அடியில் மரக்கட்டை.
ஒன்றுமில்லை, ஆறு திறந்திருக்கு.

இரவில் கொப்பியில் எழுதிவைத்தேன்.
அம்பத்தலை வளைவில் மூன்று தென்னையும்
ஒன்றாய்த் தெரிந்தால் ஆழம்.
களனி விகாரைத் தாதுகோபம்
புகைக்குழாய்க்கு நேரே வந்தால் இடப்பக்கம் ஒடி.
விக்டோரியா பாலத்தில் இரண்டாம் தூணை நம்பாதே.
வைகாசி வெள்ளம் வந்து
பாதிப் பக்கங்களைப் பொய்யாக்கிவிட்டுப் போனது.
மறுபடி எழுதினேன்.

பகலில் அந்த மனுசன் கேட்பது குறைவு.
பொழுது சாயச் சாயக் கேள்வி கூடும்.
பாடம் எடுக்கிறான் என்று நினைத்தேன்.
பொடிசிங்ஞோ அடுப்புக்குள் விறகு தள்ளியபடி சிரிப்பான்,
ஏனென்று சொல்லமாட்டான்.

ஆவணிச் சம்பளத்தில் எண்பது சதம் குறைந்தது.
விளக்குக் கண்ணாடியை உடைத்தது நான் அல்ல.
நான்தான் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னது சல்தீன்.
அன்று பாலம் தாண்டி, மட்டக்குளிக்கு மேலே,
அந்தி சாம்பல் நிறத்துக்கு வந்த நேரம்
முன்னால் எருமை முதுகாய் மணல்.
அதன்மேல் ஒரு கொக்கு
காலைத் தூக்கித் தூக்கி நடந்துகொண்டிருந்தது.

"இன்னாசி, என்ன தெரியுது?"

எண்பது சதத்துக்குச் சொன்னேன்.
இவ்வளவு கிட்டத்தில் கிடப்பதை
அவனே பார்ப்பான், திட்டுவான்,
நானும் திருப்பித் திட்டுவேன் என்று சொன்னேன்:
"ஆறு திறந்திருக்கு."

சல்தீன் கொக்குக்கு நேரே சுக்கானைப் பிடித்தான்.

ரோஸலின் மணலில் ஏறி நின்றாள்.
பின்னால் வந்த மூன்றும்
ஒன்றன்பின் ஒன்றாய் வந்து இடித்தன.
ஓடுகள் உடையும் சத்தம்
நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை.
பொடிசிங்ஞோ நீராவியைத் திறந்துவிட்டு
என் சட்டையைப் பிடித்தான்.
"மாலைக்கண் அவருக்கு. ஆறு மாதமாய்
அதுக்காகத்தானே உன்னை நிறுத்தியிருக்கு.
தெரியாமலா கத்தினாய்?"

நானூற்றுப் பன்னிரண்டு ஓடு.
மறுநாள் கந்தோரில் துரை கேட்டார்,
அணியத்தில் யார் நின்றது?
"என் கைப்பிழை," என்றார் சல்தீன்.
தொப்பியைக் கழற்றவில்லை.
ஆறு கிழமைச் சம்பளம் போனது.
என் எண்பது சதத்தைப் பற்றி
இருவரும் கதைக்கவில்லை.

அடுத்த பயணம், திரும்பும் வழி.
பாலம் தாண்டியும் அவர் கேட்கவில்லை.
நானாகக் கத்தினேன்.
கரையில் சட்டி கழுவும் பெண், கட்டிப்போட்ட தோணி,
மிதந்து வரும் வாழைத்தண்டு, தேவையில்லாததெல்லாம்.
தொண்டை வறண்டு நின்றபோது
பின்னாலிருந்து குரல் வந்தது, மெல்ல:

"வெள்ளையாய் ஒன்று நடக்குமே,
இன்றைக்கும் நிற்குதா?"

கொக்கைப் பற்றி யாருக்கும் நான் சொன்னதில்லை.

"நிற்குது," என்றேன்.
நின்றது.

சுக்கான் சங்கிலி முனகியது, இடப்பக்கம்.