இன்னும் கொஞ்சம், நில்

கூட்டத்துக்கு நாலு நாற்காலி போட்டிருந்தார்கள்.
டாக்டருக்கு ஒன்று, மிலென்காவுக்கு ஒன்று,
சாந்தியாகோவிலிருந்து முதல் விமானத்தில் வந்த எர்னானுக்கு ஒன்று.
நாலாவதில் எர்னானின் கோட்டு உட்கார்ந்திருந்தது.
நான் கதவோரம் நின்றேன்.
அடுத்த கோடையில் கல்யாணம், அடுத்த கோடையில் என்று
ட்ராகோவோடு பத்தொன்பது கோடை போனவள்.
கையெழுத்துப் போடும் கோட்டில் எனக்கு இடமில்லை.

விஷயம் ஒரு குழாய்.
வயிற்றில் சின்னத் துளை, இருபது நிமிஷ வேலை.
போட்டால்? என்றாள் மிலென்கா.
எடை ஏறலாம். நிமோனியா வராது என்று சொல்ல முடியாது.
போடாவிட்டால்? என்றான் எர்னான்.
டாக்டர் பேனா மூடியைக் கழற்றித் திரும்ப மூடினார்.

அப்பாவே சொல்லிவிட்டார், என்றாள் மகள்.
மூணாவது கரண்டியில் கையைத் தூக்குகிறாரே,
உள்ளங்கை விரிய, ஐந்து விரலும் நேராக.
போதும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

அது கை சொல்வது, அவர் சொல்வதல்ல, என்றான் மகன்.
ஜலசந்திப் படகில் முப்பத்தோரு வருஷம் லாரி ஏற்றிய கை.
வா, வா, இன்னும் கொஞ்சம், நில்.
பழக்கத்தைப் போய் உயில் என்கிறாய்.

அதற்குப் பிறகு பேசியது குழாயைப் பற்றியல்ல.
விற்ற வீட்டைப் பற்றி,
யாருக்கு வாங்கியது என்றே தெரியாத ஒரு சைக்கிளைப் பற்றி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்:
உங்களிடம் முன்பு ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

சொல்லியிருக்கிறார்.
நாய்க்குக் கடைசி ஊசி போட்டுத் திரும்பும்போது, காரில்,
எனக்கும் இப்படிச் செய்துவிடு எதூலியா, என்றார்.
அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஆட்டுக்கறி வேகும் வாசனையில்,
தொண்ணூறு வரை இருப்பேன், உன்னால் என்னைத் துரத்த முடியாது, என்றார்.
இரண்டு தடவையும் குடித்திருக்கவில்லை.
எதைச் சொன்னாலும் ஒரு பிள்ளை தலையாட்டும்.
இரண்டையும் சொன்னேன்.
இரண்டையும் எழுதிக்கொண்டு
வியாழக்கிழமை மறுபடி கூடுவோம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் எர்னான் அறைக்கு வந்தான்.
புந்தா அரேனாஸின் காற்று ஜன்னலை உதைத்துக்கொண்டிருந்தது.
ட்ராகோ அவனை ஏற இறங்கப் பார்த்தார்,
மகனை அல்ல, பத்துச் சக்கர வண்டி ஒன்றை.
கட்டிலில் நிமிர்ந்து, இரண்டு கையையும் தூக்கி,
பின்னால் வா, என்றார்.

எர்னான் என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஓர் எட்டு பின்னால் வைத்தான்.
வா. வா. இடப்பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம்.
ஐம்பத்திரண்டு வயது ஆடிட்டர்
மேசையைத் தாண்டி, சக்கர நாற்காலியைத் தாண்டி,
ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனான்.
முதுகுக்கும் சுவருக்கும் ஒரு விரல் இருக்கையில்
எழுந்தது உள்ளங்கை.

நில்.

இன்ஜினை அணை, என்றார் ட்ராகோ.
கடல் மோசம், ரெண்டு மணி நேரமாகும்.
போய் ஏதாவது சாப்பிடு.

அவருக்கென்று நான் கொண்டுவந்திருந்த சூப்பை,
ஆறிப் போனதை,
அவருடைய கரண்டியாலேயே
மகன் சாப்பிட்டான். கடைசிச் சொட்டு வரை,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஏழு மணிக்கு நர்ஸ் வந்தாள்.
கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள், சிரித்தாள்,
முழுவதும் உண்டார் என்று அட்டையில் எழுதினாள்.

நான் திருத்தவில்லை.
எர்னானும் திருத்தவில்லை.
வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.