பதினைந்தா ஐம்பதா

டிம்மின்ஸ் சுரங்கத் தொழிலாளர் மன்றம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஏணிமேல் நான்.
முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில்
அறுபத்திரண்டாம் வருடத்துக் கூரைப் பலகை,
அடிக்கு அடி,
ஒன்றில் நானூற்று எண்பத்து நான்கு துளைகள்.
எண்ணினேன். கூலி மணிக்கணக்கில்தான்.

முப்பது வருடச் சிகரெட் புகை
தேநீர் நிறத்தில் படிந்திருக்கிறது.
ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி
கல்நார் இல்லை என்று தாள் வந்த பிறகே
ஏணியை விரித்தேன்.

செயலாளர் ஸ்ட்ராவ்கோவுக்குத் தெரிந்த ஒரே நிறம் வெள்ளை.
"ரோலரை எடு, இரண்டு கோட் அடி,
வியாழனுக்குள் முடி."
ஏற்கெனவே ஒருவர் அடித்திருக்கிறார் என்றேன்.

கிழக்குப் பாதி.
தொண்ணூற்றாறில் யாரோ மனமாரப் பூசிய லேடெக்ஸ்.
ஒவ்வொரு துளைக்கும் ஒரு கண்புரை.

பலூன் ஒன்றை ஊதி மேற்கில் உடைத்தேன்.
டப். அவ்வளவுதான்,
பனியில் விழுந்த கையுறை.
கிழக்கில் உடைத்தேன்.
சத்தம் மேலே போனது, மேசைக்கு வந்தது,
மறுபடி மேலே போனது,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி.

எண் கூப்பிடும் கயெத்தான் சொன்னாள்:
"அந்தப் பக்கத்து ஆட்கள் எப்போதும் 'என்ன? என்ன?' என்பார்கள்.
பாறை துளைக்கும் எந்திரத்தில் காது போனவர்கள்
என்று இருந்துவிட்டேன்.
'பி ஃபிஃப்டீன்' என்றால்
'ஜி ஃபிஃப்டி'யில் மை வைப்பார்கள்.
ஓன்னி கிவெலா, அவர் மொழியில் ஓன்னி என்றால் அதிர்ஷ்டம்,
மாதம் ஒருமுறையாவது
'பிங்கோ!' என்று எழுந்து நிற்பார்.
இருக்காது. சிரிப்பார்கள். உட்கார்வார்."

பூசியது யார் என்று கேட்டேன்.
அவர்தான்.
மனைவி செல்மி இறந்த வருடம்,
அவள் உட்கார்ந்த பக்கம் பளிச்சென்று இருக்கட்டும் என்று
சொந்தக் காசில், தனியாளாக.
பாதியில் பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

நான் பேசவில்லை.

மேற்கில் வேலை எளிது, ஆனால் மெதுவானது.
மென்தூரிகை மாட்டிய குழாயால் தூசியை உறிஞ்சு.
ஈரமில்லாத ரப்பர் பஞ்சால் ஒற்று, தேய்க்காதே.
பிறகு துளைமேல் பாலம் கட்டாத பூச்சு,
கண்ணாடியில் மூச்சு விட்ட அளவு,
ஒருமுறை வடக்கிலிருந்து, காய்ந்தபின் தெற்கிலிருந்து.
டார்ச்சைச் சாய்த்துப் பிடி.
இன்னும் கொஞ்சம் வெள்ளை வேண்டும் என்று
கை கேட்கும் இடம்தான்
நிறுத்தும் இடம்.

கிழக்கை மீட்க முடியாது.
அடைந்த துளையில் ஊசி விட்டுப் பார்த்தேன்,
ஒன்றுக்கு நாலு நொடி.
கணக்குப் போட்டேன். இறங்கிவிட்டேன்.

கோட்டு மாட்டும் அறையின் கூரையில்
அதே வருடத்துப் பலகைகள், யாரும் தொடாதவை,
நாற்பத்தெட்டு.
கோட்டுகளுக்கு எதற்கு அமைதி?
கழற்றினேன்.
நாற்பத்தெட்டு, ஒன்றரை மேசைக்குத்தான் போதும்.
எந்த மேசை?
கயெத்தான் ஒரு நாற்காலியைத் தொட்டாள்.

ஸ்ட்ராவ்கோ அண்ணாந்து பார்த்தார்.
"இது வெள்ளையா?"
"முட்டை ஓடு" என்றேன்.
"நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறாய்."
"ஆமாம்."
மீதிக் கிழக்கில் தொங்கவிட வேண்டிய
கம்பளித் தடுப்புகளுக்கு விலைச்சீட்டு கொடுத்தேன்.
எட்டாக மடித்துப் பையில் வைத்தார்.

வியாழன். பின்சுவரோரம் நின்றேன்.
ஓன்னி நிமிர்ந்து
ஒட்டுப் போட்ட இடத்தை நெடுநேரம் பார்த்தார்.
தன் கைவேலை அங்கே இல்லை என்று தெரிந்திருக்கும்.
குனிந்து அட்டையை நேராக்கினார்.
பி ஃபிஃப்டீன், என்றாள் கயெத்தான்.
அவர் மை பதினைந்தில் விழுந்தது.

பிறகு ஏதோ ஓர் எண்ணில் எழுந்து நின்றார்.
"பிங்கோ!"
சரிபார்த்தார்கள். ஒரு கட்டம் குறைவு.
சிரித்தார்கள்.

கோட்டு அறையில் கேட்டேன்,
எண் காதில் சரியாக விழவில்லையா?
"இன்று எல்லாமே விழுந்தது" என்றார்.
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.
பலகை இல்லாத கூரையில் அது
இரண்டு முறை கேட்டது.