கேப்

பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை.
போட்டோக்கொப்பி, லமினேட்டிங், படிவம் நிரப்புதல்.
வாசலில் எப்போதும் ஒரு மான் படுத்திருக்கும்,
அதைத் தாண்டித்தான் யாரும் உள்ளே வரலாம்.

புவனலோஜினி தாண்டி வந்தாள்.
உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
இங்கிலீஷ் படிவம். பதினோராம் கேள்வி:
தொழில் விபரத்தில் கேப் இருப்பின் விளக்குக.

"கேப் எண்டா என்னண்ணா?"

தெரிந்த சொல்தான். ஆனால் எங்கே இருக்கிற கேப்?
வேலியில் என்றால் பொட்டு,
நாயும் போகும், பக்கத்து வீட்டு மீன்கறியும் வரும்.
பல்லில் என்றால் நீக்கல், நான் சிரித்தால் தெரியும்.
சுவரில் வெடிப்பு.
கூரையில் பொத்தல், மாரிக்கு அதன் கீழே ஒரு வாளி.
கோணேசர் மலையில் அது வெட்டு,
வெட்டியவன் பேரோடு இராவணன் வெட்டு.
கந்தோரில் வெற்றிடம், வர்த்தமானியில் வரும்.
கப்பல் நுழைகிற இடத்தில்
துறைமுகத்துக்கு அது வாய்.
திறப்பு என்று எழுதலாமென்றால்
நம்மூரில் அது பூட்டுக்குள் போகிற சாமான்.

இங்கிலீஷ்காரன் சிக்கனக்காரன்.
கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒரே சட்டை.

"இடைவெளி" என்றேன். அகராதிக் குரலில்.

"அப்ப ஆறிலயிருந்து ஒன்பது" என்றாள்.
"கட்டைபறிச்சானிலயிருந்து வாகரை,
பிறகு மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம்.
ஆனா சும்மா இருக்கேல்லயே அண்ணா.
முப்பத்தொரு பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்சன்.
தறப்பாள்ல கரிக்கட்டியால எழுதுறது,
மழை பெய்தா அழிஞ்சிடும்,
திரும்ப ஒண்டிலயிருந்து."

சம்பளம்?

"ஆர் தாறது?"

விளக்கத்துக்கு ஒன்றரை வரி விட்டிருந்தார்கள்.
ஆசிரியை, கணிதம், மூன்று வருடம் என்று தட்டினேன்.
கேப் மூடிக்கொண்டது. இன்னொன்று திறந்தது:
தொழில் வழங்குநரின் பெயர், தொலைபேசி.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
பிறகு போனில் தேடி ஒரு நம்பர் சொன்னாள்.

"நிதர்சன். சீனன்குடா மா ஆலையில வேலை."

"அவரா அப்ப பொறுப்பா இருந்தவர்?"

"இல்லை. முன்வரிசையில இருந்தவன்.
வாய்ப்பாடு எல்லாம் பாடம் அவனுக்கு.
கேட்டா சொல்லுவான்."

தட்டினேன்.
பிரிண்டர் இரண்டு தரம் இருமிவிட்டுத் தாளைத் தந்தது.
எழுபது ரூபா.
பத்து ரூபா குறைந்தது, திங்கட்கிழமை தாறன் என்றாள்.

மான் எழும்பவில்லை.
படிவம் மடங்காமல் உயர்த்திப் பிடித்தபடி
தாண்டிப் போனாள்.