கடவைக் கொப்பி

பகலுக்கு நான். இரவுக்கு ஞானசீலன்.
மாங்குளத்துக்கு வடக்கே ஒரு தகரக் கொட்டில்,
இரண்டு இரும்புப் படலை, ஒரு சிவப்புக் கொடி,
ஒரு கொப்பி.

கொப்பியின் முன்பக்கம் கோச்சி வந்த நேரம்.
பின்பக்கம் சுட்டி.
கணிதம் சித்தியென்றால்தான் நிரந்தரம் என்று
கடிதம் வந்த நாளிலிருந்து இப்படித்தான்:
நான் செய்து வைப்பதை அவன் இரவில் திருத்துவான்,
அவன் விட்ட பிழையை
கொழும்புக் கோச்சி போனபின் நான் பிடிப்பேன்.
கைமாறும்போது கதைக்க நேரமில்லை.
அவன் கண்ணில் நித்திரை, என் சைக்கிளில் காற்றில்லை.

முதற் கிழமை தலை கிறுகிறுத்தது.
பெருக்கு என்றிருக்கும், கூட்டவேணும்.
வகு என்றிருக்கும், கழிக்கவேணும்.
கந்தோரில் படிவம் நிரப்புவதைப் போல
கேட்பதொன்று, எடுப்பதொன்று.
முன்னால் நிற்கும் எண்ணை மட்டும்
சொன்னபடியே பெருக்கவேணுமாம்.

3a² × 4a⁵
நான் 7a⁷ என்று போட்டேன்.
பென்சிலால் எழுதியிருந்தான்:
"கீழேயும் ஏழு, மேலேயும் ஏழு.
வடிவாய்த்தான் இருக்கு. பிழை."

அன்றைக்கு எண்ணெய்ப் பெட்டிகள் போயின.
இரண்டோடு ஐந்தைக் கொழுவினால் ஏழு,
அதைப் பத்தென்று ஆர் சொல்லுவான்?
படலையைத் திறக்க மறந்து நின்றேன்.
லொறிக்காரன் ஏசினான்.
பன்னிரண்டு a⁷ என்றேன் அவனுக்கு.

அடி வேறென்றால் சேராது.
x தன் ஆட்களோடு, y தன் ஆட்களோடு,
ஒட்டி நின்றாலும் தனித்தனி.
இந்த விதியை மட்டும்
இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

x³y² × xy⁴
அவன் x³y⁶ என்று விட்டிருந்தான்.
நான் சிவப்பில் எழுதினேன்:
"மேலே ஒன்றும் இல்லாத x-க்கு
மேலே ஒன்று இருக்கு."
எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு வந்தது a⁵ ÷ a⁵.
பூச்சியம் என்றேன்.
"பிழை. ஒன்று."
அழித்துவிட்டு, திரும்பவும் பூச்சியம் போட்டேன்.
"மேலே ஐந்து, கீழே ஐந்து,
எல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. என்ன மிச்சம்?"
"வெட்டினால் இல்லாமல் போகாது. ஒன்றாகும்."
"ஆர் சொன்னது?"
"விதி."
மூன்று நாள் இப்படி. விளிம்பு நிறைந்தது.
நாலாம் நாள், பாலைமரத்தடியில் மாடுகள் படுத்திருக்க,
எழுதக்கூடாததை எழுதினேன்:
"எங்கட வீட்டில் ஐந்து பேர்.
நீ வகுத்துப் பார்."

அடுத்த காலை அவன் என் முகம் பார்க்கவில்லை.
சாவியைத் தந்தான், போனான்.
முன்பக்கத்தில்
இரவுத் தபால், பதினெட்டு நிமிடம் பிந்தி.
பின்பக்கத்தில் திருத்தம் எதுவும் இல்லை.
அடியில், மிகச் சின்னதாய்,
5 ÷ 5
என்று மட்டும், விடையில்லாமல்.

மணி அடித்தது.
படலையைச் சாத்தினேன். கொடி பிடித்தேன்.
போகிற பெட்டிகளை எண்ணவில்லை.
திறந்துவிட்டு வந்து
பூச்சியத்தை அழித்தேன். தாள் கிழிந்தது.
கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு கீறினேன்.
ஒன்று.

அடுத்த கணக்கு a² ÷ a⁵.
மேலே இரண்டுதான், கீழே ஐந்து.
இதை அவன் செய்யட்டும்.