ஏழாவது பந்தி

முன்வாங்கிலிருந்து தலைகளை எண்ணுகிறான் நிதுர்ஷன்.
விரல் மேசைக்குக் கீழே.
ஆறு பேர், பிறகு அவன்.
ஏழாவது பந்தியில் கண்ணை வைத்துக்கொண்டு
பக்கத்துப் பெடியனிடம் ஏதோ கேட்கிறான்.

எனக்குத் தெரியும் இந்தக் கணக்கு.
பாம்பின் கால்.

துணுக்காயில், பாலை மரத்தின் கீழே
யூரியாப் பை விரித்த வகுப்பில்
நாலு பேருக்கு ஒரு புத்தகம்.
எனக்கு அதுவும் மிச்சம்.
எழுத்துகள் வயலில் இறங்கிய கிளிகள் மாதிரி,
கிட்டப் போக எழும்பிவிடும்.
கிருபாஜினி முதல்நாளே சொல்லித் தருவாள்.
பாடமாக்கி வந்து
புத்தகத்தைப் பார்த்தபடி ஒப்புவிப்பேன்,
நடுவில் ஒருதரம்
வேண்டுமென்றே தடக்கி.

ஒருநாள் அவள் வரவில்லை.
ஒரு தலை குறைந்ததை நான் எண்ணவில்லை.
எனக்கு வந்தது ஆறாவது,
நான் சொன்னது ஏழாவது.
சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து
சேர் ஒரு சொல்லில் கம்பை வைத்தார்.
"இது என்ன?"
மரம், என்றேன். எல்லாப் பாடத்திலும் மரம் வரும்தானே.
அடுத்த மணி வரை கிரவலில் முழங்கால்.

கிருபாஜினி மறுநாளும் வரவில்லை.
அதற்கு மறுநாள் நாங்களும் அங்கே இல்லை.

எழுத்து பிடிபட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது.
நிவாரண வரிசையில்
பருப்பு மூட்டையின் மேல் விரலால் தடவித் தடவி.

நான் ஒன்றும் பொறுமைக்காரி இல்லை.
முப்பத்தாறு பிள்ளைகள், ஒரு மின்விசிறி, அதுவும் சுற்றாது.
போன கிழமை ஒருத்தியைக் கழுதை என்றேன்.
அன்றிரவு முழுக்க
முழங்கால் உளைந்தது.

ஆறாவது பிள்ளை முடிக்கிறாள்.
நிதுர்ஷன் எழும்பப் போகிறான்.
"காணும். மிச்சத்தை நான் வாசிக்கிறன்."

சொல்லுக்குக் கீழே விரல் வைத்து, மெல்ல.
மூன்றாவது வரியில்
வேண்டுமென்றே தடக்கினேன்.
வகுப்பு சிரித்தது.
அவன் சிரிக்கவில்லை.
பிடிபட்ட கள்ளனைப் போல என்னைப் பார்த்தான்.

மணி அடித்தபின் மேசையடியில் வந்து நின்று
வெண்கட்டித் துண்டை உருட்டினான்.
"ரீச்சர், நீங்கள் தடக்கின சொல்லு..."
"எது? காட்டு."

நெடுநேரம் யோசித்து
விரலை வைத்தான்.

அந்தச் சொல் இல்லை.
அதற்குப் பக்கத்துச் சொல்.