ஐஸ் மெஷின் பிளக்

பெட்ரோல் லாரி வராத அந்தக் குளிர்காலத்தில்
பங்க் வாசலில் ‘இல்லை’ என்று அட்டை தொங்கவிட்டு
பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.
வெர்லீனுக்கோ ஓவர்டைம்.

சீபிரிங்கில், போர்விமானங்கள் நின்ற பழைய தளத்தில்
தகரக் கொட்டகை.
அங்கே அவள் வேலை,
இருக்கைக்கு அடியில் எட்டு பேட்டரிகளை இறக்குவது.
ஒவ்வொன்றும் அறுபது பவுண்டு.
முடுக்கு, வயரைக் கோர், அடுத்த வண்டி.
அமிலம் தெறித்த ஜீன்ஸ் போட்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது;
துவைத்துக் கொடியில் போட்டால்
ஓட்டை ஓட்டையாக வானம்.

வண்டியா அது?
கத்தியால் வெட்டிய பாலாடைக்கட்டித் துண்டு
என்றான் என் மச்சான் டெல்பர்ட்.
கதவை இழுக்க ஒரு கயிறு.
முப்பத்தெட்டு மைலுக்கு மேல் போகாது,
மேடு கண்டால் மூச்சு வாங்கும்.
ஃபுளோரிடாவில் மேடு இல்லாதது
கம்பெனி செய்த புண்ணியம்.

ஒரு சனிக்கிழமை சோதனை ஓட்டம் என்று சொல்லி
ஒன்றை வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.
ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே போனோம்.
எஞ்சின் சத்தம் இல்லாததால்
எங்களுக்குள் பேச்சும் இல்லை என்பது
முதல்முறையாகக் காதில் விழுந்தது.
ஒரு மைல் கழித்து அவளே ஆரம்பித்தாள்.
அன்று இரவு பத்து மணிவரை பேசினோம்,
எதைப் பற்றி என்று கேட்காதீர்கள்.

பிறகு லாரி வந்தது.
அட்டையைக் கழற்றினேன்.
வரிசை குறைந்தது, விலை இறங்கியது,
எட்டு சிலிண்டர்க்காரர்கள் திரும்பி வந்து
‘ஃபுல்’ என்று சத்தமாகச் சொன்னார்கள்,
கோயில் திறந்த மாதிரி.

எனக்குச் சம்பளம் உயர்ந்த வெள்ளிக்கிழமை
அவளுக்குக் கணக்குத் தீர்த்தார்கள்.
சமையலறை மேஜையில் இரண்டு உறைகள்.
எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல்
ஸ்டவ்வைத் துடைத்தேன்,
சுத்தமாக இருந்த ஸ்டவ்வை.

விற்காத வண்டிகள் ஓடுபாதையோரம் மழையில் நின்றன.
மூன்று வருடம்கூட முழுசாக ஆகவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி வேலிக்குள் குனிந்து நுழைந்து
பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.
யாரும் சொல்லவில்லை, கூலியும் இல்லை.
காய்ந்தால் தகடு செத்துப்போகும் என்றாள்.
வடித்த தண்ணீர் கேனைச் சுமந்தவன் நான்;
பங்க் அலமாரியிலிருந்து எடுத்தது,
கணக்கில் எழுதவில்லை.

பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக
ஒரு மஞ்சள் வண்டியைக் கொடுத்தார்கள்.
இப்போது தினமும் அதில்தான் என்னை வேலைக்கு விடுகிறாள்.
பெட்ரோல் போட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்.
முதலாளி பார்க்காதபடி பின்பக்கம் நிறுத்தி
ஐஸ் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
அந்தத் துளையில் எங்கள் வயரைச் செருகுவேன்.

‘என்னப்பா, ஐஸ் இவ்வளவு இளகியிருக்கு?’
வெயில் சார், என்கிறேன்.
ஜனவரியில்.